கூட்டலில் நான் விட்ட ஒன்று

மகளே,

ஞாயிற்றுக்கிழமை மதியம், மூட மறுத்த சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நீ ஒன்று சொன்னாய். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சொன்னது உன் அப்பாவிடம்தான். ஆனால் எனக்கும் கேட்கட்டும் என்ற குரலில் சொன்னாய். "ரெண்டு வருசத்துக்கு முந்தி கணக்கு போகாதன்னு சொல்லிச்சுப்பா. அத மீறித்தான் நான் போறேன். அங்க எதாச்சும் தப்பாப் போனா அது என் தலையோட. உங்களக் கூப்புட்டு அழ மாட்டேன்." உன் அப்பா சூட்கேஸின் பூட்டை அமுக்கியபடியே, "கணக்கு என்னா அவ்ளோ பெரிய சாமியா புள்ள?" என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை. பினாங்கில் கணினி படிக்கப் போகிற பெண், போவதற்கு முன்பே தன்னைக் குற்றவாளியாக வைத்துக்கொண்டு போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எதையும் முகம் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. தொலைக்கல்வியில் பட்டம் வாங்கிய அத்தனை வருடத்திலும், நேரடி வகுப்பு நடந்த நாட்களில் ஒரு சந்தேகம்கூட எழுந்து நின்று கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்குப் பர்மிய மொழி ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படிப்பது இதற்கு நல்லதுதான். இதை உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. கோயில் ஆண்டு மலருக்கு, கணிதத்தை வளர்த்த பெரியவர்களைப் பற்றிப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு கட்டுரை வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். இந்தத் தெருவில் கணிதப் பட்டதாரி என்றால் நான்தானே. இதைத்தான் கொடுக்கப் போகிறேன். ஏன் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது படிக்கும்போது புரியும்.

அந்தப் பெரியவர்களை உனக்கு நன்றாகத் தெரியும், வேறு பெயர்களில். நான் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருந்தபோது, பான்சோடான் தெருவின் நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலக் கணிதப் புத்தகம் வாங்கினேன். என் அப்பா போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் ஆங்கிலப் புத்தகம் அதுதான். பாடத்துக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டங்களில் பழைய ஐரோப்பிய அறிஞர்களின் கதைகள் இருந்தன. டாலாவுக்கும் இந்தக் கரைக்கும் போய்வருகிற படகில், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, கணக்கை விட்டுவிட்டுக் கட்டங்களையே படிப்பேன். அவர்கள் பெயர்களை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தெரியாது, கேட்கவும் வெட்கம். நீ பிறந்து, கதை கேட்கிற வயது வந்ததும் நாமே பெயர் வைத்தோம். அவர்களை இன்றுவரை அந்தப் பெயர்களில்தான் நினைக்கிறேன். மலர் படிக்கிற பிள்ளைகள் மன்னிக்க வேண்டும்.

முதலில் பெட்டி கோகோ. பிரான்ஸ் நாட்டுப் பையன். நம் ஊரில் அண்ணன் வயதுக்காரர்களைக் கோகோ என்றுதானே கூப்பிடுவோம்; கதையில் அவனுக்கு வயது பத்தொன்பது. வரி அதிகாரியான அவன் அப்பா ராத்திரி பகலாக எண்களைக் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போவதைப் பார்த்துவிட்டு, பல்சக்கரங்கள் வைத்துத் தானாகக் கூட்டுகிற ஒரு பெட்டியைச் செய்யத் தொடங்கினான். சக்கரம் சுற்றுவது சுலபம். ஒன்பது தாண்டிப் பத்து ஆகும்போது பக்கத்துச் சக்கரத்துக்கு ஒன்றை ஏற்ற வேண்டுமே, அதுதான் கஷ்டம். கையால் கூட்டும்போது நாம் "கையில் ஒன்று" என்று சொல்லிக்கொள்கிறோம். பெட்டிக்குக் கை ஏது? அவன் ஒரு சிறிய எடையை வைத்தான். சக்கரம் நகர நகர அது மெல்ல உயரும். ஒன்பது தாண்டியதும் தொப்பென்று விழுந்து பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். ஒரு மாதிரி சரிவராமல் இன்னொன்று, அதுவும் சரிவராமல் வேறொன்று என்று வருடக்கணக்கில் செய்தான். உடம்பும் சரியில்லாத பையன். அவன் மூளையைவிட, அப்பாவின் களைப்பைப் பார்த்த கண்ணைத்தான் நான் பெரிதாக நினைத்தேன். இன்றும் அப்படித்தான்.

அடுத்து சந்தேகச் சயா, நம் ஊரில் வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி. அவரும் பிரான்ஸ்காரர். கணப்பு எரிகிற அறையில் தனியாக உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்தவர். வடிவங்களை எண்களால் எழுதலாம் என்று காட்டியவரும் அவர்தான். உன் திரையில் ஒரு புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்று நீ எழுதும் இரண்டு எண்கள் அவர் கொடுத்தவை. யாரோ ஒரு கெட்ட சக்தி, நான் இரண்டும் மூன்றும் கூட்டும்போதெல்லாம் என்னை ஏமாற்றுகிறது என்றால் எனக்கு எப்படித் தெரியும் என்றுகூட அவர் கேட்டுப்பார்த்தார். இதை உனக்குச் சொன்னபோது உனக்குப் பத்து வயது இருக்கும். "ஏம்மா, ரெண்டும் மூணும் கூட்டுறதுல போயி ஏமாத்துறதுக்கு அதுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்.

மூன்றாவது ஆள்தான் நம் வீட்டுக்கு மாமா மாதிரி ஆகி, நாம் ஊலே என்றே கூப்பிட்டவர், சைபர் ஊலே. ஜெர்மன்காரர். ஆறு வயதில் அப்பாவை இழந்து, அப்பா விட்டுப்போன புத்தகங்களுக்குள் வளர்ந்தவர். எல்லா எண்களையும் சைபரையும் ஒன்றையும் வைத்தே எழுதலாம் என்றார். துளை திறந்திருந்தால் ஒன்று, மூடியிருந்தால் சைபர். அதில் கோலிகள் உருண்டு விழுந்து கணக்குப் போடுகிற ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார், மின்சாரம் என்ற ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்னால். அதை நீ புரிந்துகொள்ள எனக்குக் கோலி தேவைப்படவில்லை. மின்சாரம் வந்து தெருவே "மீ வந்திருச்சு" என்று கத்தும்போது ஒன்று, மீ போனதும் சைபர் என்று நீயே சொன்னாய். உன் நாட்குறிப்பில் ஒரு வாரம் முழுக்க மின்சாரம் வந்ததையும் போனதையும் ஒன்றும் சைபருமாக எழுதி, அது என்ன எண் என்று கண்டுபிடித்துச் சொன்னாய். அந்தப் பக்கத்தை நான் உன் அப்பாவின் சேமிப்புப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

சைபர் ஊலேயிடம் இன்னொரு கனவும் இருந்தது. மனிதர்கள் தங்கள் எண்ணங்களை எண்களைப் போலத் தெளிவாக எழுதிவிட்டால், சண்டையே வராது. இருவர் முரண்பட்டால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நம்பினார். மதத்துக்காகப் பல வருடம் வெட்டிக்கொண்ட நாட்டில் பிறந்த மனிதர் அப்படி நம்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. படகில் அதைப் படித்த நாளில், எனக்கென்று ஒரு வீடு அமைந்தால் அங்கே சத்தம் போட்டுச் சண்டை இருக்காது என்று முடிவு செய்தேன்.

அப்படித்தான் நம் வீட்டில் "உக்காந்து பாப்போம்" வழக்கம் வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எதிலாவது ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு தாளில் இரண்டு பக்கமும் காரணங்களை எழுதுவோம். ஒவ்வொரு காரணமும் எவ்வளவு முக்கியம் என்று மூன்று பேரும் பேசி, பத்துக்குள் ஓர் எண் வைப்போம். அந்தக் காரணம் தனக்கு எவ்வளவு உண்மை என்று ஒவ்வொருவரும் தனித்தனியே பத்துக்குள் ஓர் எண் கொடுப்பார்கள். பெருக்கிக் கூட்டினால் எந்தப் பக்கம் கனமோ அதுதான் முடிவு. பூனை வளர்ப்பதா, இரண்டாம் மாடியிலிருந்து வாடகை குறைந்த ஆறாம் மாடிக்குப் போவதா, தீபாவளிக்கு உன் அப்பாவின் தங்கையைக் கூப்பிடுவதா என்று எத்தனையோ. பூனை நாலு எண்ணில் ஜெயித்தது. அத்தை ஜெயித்ததில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சமைத்தேன். பெருக்குவதும் கூட்டுவதும் மட்டும் எப்போதும் நான். நீயும் அப்பாவும் சரிபார்த்ததே இல்லை. போட்டாதாங் கிடங்கில் நாள் முழுக்க மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற உன் அப்பா, என் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். பட்டம் வாங்கியவள் போட்டதைச் சரிபார்ப்பது அவளை அவமானப்படுத்துவது போல என்று நினைத்தார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

விஷயம் வெளியே போயிற்று. கீழே சாமான் கடை வைத்திருக்கிற காதர் பாயும் அவர் தம்பியும், கடையைப் பிரிப்பதா வேண்டாமா என்று இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள் மாடி ஏறி வந்தார்கள். கதவருகிலேயே நின்று, "எங்களுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடும்மா" என்றார் பாய். நான் தலை நிமிராமல் போட்டேன். பிரிக்க வேண்டாம் என்று வந்தது. தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "பட்டதாரிப் புள்ள போட்ட கணக்கு. இதுல நாம வாய தொறக்கக் கூடாது," என்று அவர் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார் பாய். அந்தக் கணக்கு சரியானது. இப்போது மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனாலும் பாய், இதைப் படித்ததும் அந்தத் தாளை எடுத்து நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் உனக்குப் பினாங்கில் இடம் கிடைத்து, கட்டணத்தில் பாதியைத் தள்ளித் தருகிறோம் என்றும் கடிதம் வந்தபோது உனக்குப் பதினெட்டு. உன் அப்பா அன்றே போகட்டும் என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. "அம்மா, உக்காந்து பாப்போமா?" என்று தாளை எடுத்து வந்தது நீதான். நியாயமாக நடக்க வேண்டும் என்று, நீ தனியாக இருக்கப் போவது, நமக்கு அங்கே யாரும் இல்லாதது என்று உனக்கு எதிரான காரணங்களையும் நீயே எழுதினாய். எண்கள் எல்லாம் வந்தன. தாளை என்னிடம் தள்ளிவிட்டு நீங்கள் இருவரும் பால்கனிக்குப் போய்விட்டீர்கள்.

இருக்கலாம் என்ற பக்கத்தை முதலில் கூட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. பிறகு போகலாம் என்ற பக்கம். ஒன்றாம் இடத்து எண்கள் கூட்டி இருபத்தைந்து வந்தது. ஐந்தை எழுதி, கையில் இரண்டு என்று மேலே குறித்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினைந்து. போகலாம், மூன்று எண்ணில். நான் அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ரப்பரை எடுத்து அதை அழித்துவிட்டு, ஒன்று என்று எழுதினேன். இருநூற்றைந்து ஆயிற்று.

தவறுதலாக நடந்தது என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். இல்லை. தெரிந்துதான் செய்தேன். நீ பால்கனியிலிருந்து வந்து தாளைப் பார்த்தாய். கூட்டிப் பார்ப்பாய் என்று ஒரு நொடி பயந்தேன். கூட்டிப் பார்க்க மாட்டாயா என்றும் ஒரு நொடி ஏங்கினேன். நீ அடியில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "சரிம்மா. கணக்கு சொல்லிருச்சு," என்றாய். அன்று சாயங்காலமே அந்தக் கல்லூரிக்கு நன்றி சொல்லி எழுதிவிட்டாய். அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் உன்மேல் பழியைப் போடுகிற நினைப்புதான்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். பயம் என்று சொன்னால் பாதி உண்மை. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன்; பஸ்ஸில் நம்மை அக்கா தங்கை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த ஊரில் நான் தயங்காமல் பேசுகிற ஒரே ஆள் நீ. நீ போய்விட்டால் நாள் முழுக்க என் குரலை நானே கேட்க மாட்டேன் என்று நினைத்தேன். மீதிப் பாதியைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. படகுக் கம்பியில் சாய்ந்து நான் படித்த கதைகளுக்குள் நீ நடந்து போகப் போகிறாய்; நான் கரையிலேயே நிற்கிறேன் என்ற பொறாமையும் அதில் இருந்தது. பெற்றவளுக்கு அது வருமா என்று கேட்காதே. வந்தது.

சந்தேகச் சயா பயந்த அந்தக் கெட்ட சக்தி எங்கேயோ ஆகாயத்தில் இல்லை மகளே. சமையலறையை ஒட்டிய மேசையில் ரப்பரோடு உட்கார்ந்திருந்தது. பெட்டி கோகோவின் சக்கரம் யார் முகத்தையும் பார்க்காது; ஒன்பது தாண்டினால் எடை விழும், ஒன்று ஏறும். அதற்கு மகள் இல்லை. சைபர் ஊலேயும் பிறகு பெருக்கல் கூடப் போடுகிற ஓர் இயந்திரம் செய்தார். ஏற்றும் இடத்தில் அது சில வேளை சிக்கிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிற ஆள் கையால் தள்ளிவிட வேண்டும். வெட்கப்பட்டு அவர் அதை மூலையில் போட்டுவிடவில்லை. வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர்களை இன்னும் அதிகமாக மதிக்கத் தொடங்கியது அந்தத் தாளுக்குப் பிறகுதான். பிழை எங்கே வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அங்கேயே போய் உழைத்தார்கள். எனக்கும் தெரிந்திருந்தது. நான் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பின் வந்த இரண்டு வருடத்தை நீ எப்படிக் கழித்தாய் என்பதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்காதே. நான் பார்த்தேன். காலையில் என்னோடு, நம் வீட்டுக்குக் கியூஷன் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாய். மீ வருகிற நேரம் விடியற்காலை மூன்று என்றால் மூன்றுக்கு எழுந்து, லான்மடாவ் கடையில் வாங்கிய அந்தப் பழைய மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாய். அதன் விசைப்பலகையில் இரண்டு எழுத்து வேலை செய்யாது. நம் தெருவுக்கு எப்போது மின்சாரம் வரும் என்று பார்த்து, பிள்ளைகளின் வகுப்பு நேரத்தைத் தானே மாற்றிக் கொடுக்கிற ஒரு நிரலை எழுதினாய். அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க அம்மா மண்டையில இருக்குறத நீ பொட்டியில ஏத்திட்டியே," என்றார் உன் அப்பா. என் மண்டையில் இருந்தது அது மட்டும் அல்ல. இந்த வருடம் நீயாக மறுபடி விண்ணப்பித்து, நீயாக இடம் வாங்கினாய். உக்காந்து பாப்போமா என்று அப்பா கேட்டதற்கு, "இந்தத் தடவ வேணாம்ப்பா," என்றாய். உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று அன்று பயந்தேன். தெரியவில்லை என்பது இந்த ஞாயிறுதான் தெரிந்தது. கணக்கை நீ இன்னும் நம்புகிறாய். நம்பிக்கொண்டே அதை மீறுகிறாய்.

நீ எதையும் மீறவில்லை. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அழித்த தடம் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். போ என்றுதான் கணக்கு சொன்னது, அப்போதே சொன்னது. நேற்று இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக என் தாளை வாங்கி, கிடங்கில் மூட்டைக்குக் கோடு போடுகிற மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கோடு போட்டுக் கூட்டினார். "பதினஞ்சு," என்றார். "நானும் பாத்திருக்கணும். அன்னைக்கே பாத்திருக்கணும்." என்னைத் திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை.

மலரில் அச்சாகும் கட்டுரையில் பிள்ளைகளுக்கு ஓர் அறிவுரை இருக்க வேண்டுமாம். உனக்கும் அதுவே. நீ படிக்கப் போகிற இடத்தில் உன்னைவிடப் பெரிய பட்டம் வாங்கியவர்கள் இருப்பார்கள். அவர்கள் போட்டதையும் கூட்டிப் பார். நீ எழுதியதை இன்னொருவர் கூட்டிப் பார்த்தால் முகம் சுளிக்காதே. அன்பான ஆள் போட்ட கணக்கு என்றால் இரண்டு தடவை பார். சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்று நம் வீட்டில் நாம் மூவரும் நினைத்துவிட்டோம். அதனால்தான் என் கை அவ்வளவு சுலபமாக நகர்ந்தது. இருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டால் சண்டை தீரும் என்ற கனவில் தவறு இல்லை. இருவரும் போட வேண்டும். நம் வீட்டில் ஒருத்திதான் போட்டாள்.

அங்கே ஏதாவது தவறாகப் போனால் அது உன் தலையோடு இல்லை. பாடம் புரியாமல் போகலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம், திரும்பி வர வேண்டியதாகவே ஆகலாம். எதுவானாலும் கூப்பிடு. அழு. நீ இரண்டு வருடம் பின்னால் நின்று தொடங்குகிறாய் என்றால் அது என் கையால் வந்தது. அந்த இரண்டு வருடத்தைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை.

இதை உன் சூட்கேஸின் அடியில் வைத்து அனுப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். நான் செய்யக்கூடிய காரியம் அதுதான். நீ பினாங்கில் போய்ப் படிப்பாய். உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது. இன்று காலை அந்த எண்ணத்தை விட்டேன். உன் விமானம் வெள்ளிக்கிழமை. பயணம் கிளம்புகிற நாளில் வீட்டில் யாரும் கடுமையாகப் பேசக் கூடாது என்பதால், நீ அன்று வாயை மூடிக்கொண்டு போய்விடுவாய். இன்று செவ்வாய்தான். பிள்ளைகளை இந்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்காரப் போகிறேன். நீ எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை எழுந்து போக மாட்டேன். முடித்ததும் என்னைக் கேள், திட்டு, எதுவும் பேசாமல் இரு. நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன்.

அம்மா